நோக்கமில்லாதவர்கள் உள்ளே வரலாம்

காணாமல் போன அக்காவைத் தேடி சிங்கப்பூரின் ஈசூனில் ஏழு அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய நூர்தீனிடம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு ஒரு இணையதளம் கேட்ட முதல் கேள்வி இது: 'நீங்கள் ஏன் எங்களோடு அரட்டையடிக்க விரும்புகிறீர்கள்?' கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. 'காரணம் உள்ளவர்கள் சேர்த்துக்கொள்ளப்படமாட்டார்கள்.'

நூர்தீனுக்கு ஐம்பத்துமூன்று வயது. சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் சூப்பர்வைசர். அக்காவை லாத்தா என்று கூப்பிடும் குடும்பம். லாத்தாவின் பெயர் ஆயிஷா, வயது அறுபத்தொன்று. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கைகால் தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் வராது. பெயர் கேட்டால் சிரிப்பார்.

ஞாயிறு காலையில் அக்காவும் தம்பியும் பஸ் ஏறி எங்கேயாவது போய்த் திரும்புவது வழக்கம். ஊர் எது என்பது லாத்தாவுக்கு முக்கியமில்லை, ஜன்னலோரம் கிடைத்தால் போதும். இந்த ஞாயிறு ஒரு சரக்கு விமானம் தாமதமானதால் நூர்தீன் வீட்டுக்கு வரவே ஒன்பதேகால் ஆகிவிட்டது. லாத்தா அதற்குள் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, அரை ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, போனை மேசைமேல் விட்டுவிட்டுப் பச்சைக் குடையோடு தனியாகக் கிளம்பியிருந்தார். நூர்தீனின் மகள் முஸ்கான் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதைச் சொல்லும்போது டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதனால்தான் லாத்தாவின் பையில் எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கும். அந்த ஒரு பாக்கெட்டை நம்பித்தான் நூர்தீன் அன்று காலை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர்கள் வந்தார்கள், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், கேமராப் பதிவுகளைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் முஸ்கான் அறையிலிருந்து கத்தினாள்.

"அத்தா! சீக்கிரம் வாங்க, இது மாமியோட கை!"

லாத்தா அவளுக்கு மாமி. அவள் போனில் ஒரு படம். குடைப் பிடியைப் பிடித்த ஒரு கை, விரலில் நீலக்கல் மோதிரம். போன பெருநாளுக்கு நூர்தீன் வாங்கிக்கொடுத்த மோதிரம் அது. படத்துக்கு மேலே 'மழைக்குருவி' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'இன்று ஒரு பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். பெயர் கேட்டேன், சிரித்தார். பையில் இருந்த ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் திணித்துவிட்டார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. உலகம் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.'

பதிவு போட்ட நேரம் காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தாறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அந்த நூற்று நாற்பத்தாறு பேருக்கும் அழகாக இருந்த உலகம் நூர்தீனுக்கு அப்போது காலுக்குக் கீழே ஆடியது.

"எந்த பஸ் ஸ்டாப்னு கேளும்மா!"

"கேக்க முடியாதுத்தா. இது 'பரவல்'. எங்க செர்வரை அவங்க கட் பண்ணிட்டாங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் சமூக ஊடகம் எதுவும் வேண்டாம், யாரும் யாருக்கும் முதலாளி இல்லை என்று சொல்லி, அவரவர் ஒரு செர்வர் வைத்து, அவரவர் ஊரை அவரவரே நடத்திக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு செர்வரில் இருப்பவர் இன்னொரு செர்வரில் இருப்பவரோடு பேசலாம். பிடிக்காவிட்டால் ஒரு செர்வர் இன்னொன்றை வெட்டிவிடலாம், அப்புறம் படிக்க மட்டும்தான் முடியும். நல்ல ஏற்பாடு. அதில் 'சிங்கைத் தமிழர் பரவல் அரட்டை மன்றம்' வந்து சேரும்வரை நன்றாகத்தான் நடந்தது. பிரியாணியில் உருளைக்கிழங்கு போடலாமா என்று பாலிடெக்னிக் பிள்ளைகளோடு வந்த சண்டையில், மன்றம் அவர்களுடைய செர்வரையே வெட்டிவிட்டது. முஸ்கான் உருளைக்கிழங்குக் கட்சி.

ஆகவே நூர்தீனே உறுப்பினராகச் சேர வேண்டியிருந்தது. ஏன் அரட்டையடிக்க விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் 'என் அக்காவைக் காணவில்லை' என்று எழுதி அனுப்பினார். நான்கு வினாடியில் பதில் வந்தது. 'உங்கள் விண்ணப்பத்தில் நோக்கம் தென்படுகிறது. வருந்துகிறோம்.' மன்றத்தின் தொடர்பு முகவரிக்கு எழுதினால், 'நாங்கள் தற்சமயம் இயல்பாக இருக்கிறோம். அவசரம் என்றால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்' என்று தானியங்கிப் பதில். போலீஸுக்கும் அந்தப் பதிவை அனுப்பினார்கள். நிர்வாகிக்கு எழுதியிருக்கிறோம், போன் எடுக்கவில்லை என்றார்கள்.

"அத்தா, இன்னைக்கு அவங்க மாசாந்திர மீட்டிங். லிட்டில் இந்தியாவுல, டன்லப் ஸ்ட்ரீட்ல. பன்னெண்டு மணிக்கு. மழைக்குருவி அங்க வந்தாலும் வரலாம்."

"நீ வீட்லயே இரு. லாத்தா திரும்பி வந்தா உடனே போன் பண்ணு."

நியூட்டனில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு அவர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு பத்து. ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. படியின் உச்சியில் இம்ரான் என்ற தன்னார்வலர், ஒரு பிளாஸ்டிக் பேசினோடு நின்றார். பேசினுக்குள் முப்பது போன்கள் கிடந்தன.

"வெல்கம் அங்கிள். போனை இதுல போட்டுட்டு டோக்கன் வாங்கிக்குங்க."

"தம்பி, போலீஸ் கூப்பிடுவாங்க. என் மக கூப்பிடுவா. எங்க லாத்தாவைக் காணோம்."

"ஐயோ, பாவம் லா. ஆனா இங்க நேருக்கு நேர் பேசணும் அங்கிள், அதான் ரூல். போனோட உள்ளே விட்டா என் பேட்ஜைப் பிடுங்கிடுவாங்க."

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போகலாமா என்று ஒரு கணம் நூர்தீன் யோசித்தார். ரகளை செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், மழைக்குருவியும் கிடைக்காது. போனைப் போட்டார். "முஸ்கான்னு பேர் வந்தா ஓடி வந்து சொல்லுப்பா" என்றார். ஓடக்கூடாது, ஆனால் நடந்து வந்து சொல்கிறேன் என்று இம்ரான் வாக்குக் கொடுத்தார்.

உள்ளே முப்பது நாற்காலிகள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஆள். அந்த ஒன்றில் நூர்தீன் உட்கார்ந்தார். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. 'இயல்பான அரட்டை, நான்கு நிமிடம்' என்பது அதில் ஏழாவதாக இருந்தது. இப்போது நடந்துகொண்டிருந்தது இரண்டாவது.

மேடையில் மன்றத்தின் தலைவரல்லாதவர் திரு லாசரஸ் பேசிக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய பதவி. ஐந்தாவது ஆண்டாக அவரே எதிர்ப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரல்லாதவர். கழுத்தில் பதினோரு பேட்ஜ் தொங்கியது. மன்றத்தில் பதினோரு குழுக்கள், ஒவ்வொன்றும் முழுச் சுதந்திரம் உடையது, எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் லாசரஸ்.

"அன்புசால் பரவலர்களே! பெருநிறுவனங்களின் ஊடகங்களில் என்ன நடக்கிறது? எங்கோ ஒரு முதலாளி உட்கார்ந்துகொண்டு, நீ என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று தீர்மானிக்கிறான். இங்கே அப்படியல்ல. இங்கே அதை உங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் நான் தீர்மானிக்கிறேன்." கைதட்டல். "நம்முடைய செர்வர் எந்த அந்நியக் கட்டடத்திலும் இல்லை. அது என் வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் மனைவி துணி துவைக்கும் நேரத்தில் மட்டுமே சேவை தடைபடும். இதைவிட வெளிப்படையான நிர்வாகம் உண்டா? அதிகாரம் இங்கே யாரிடமும் இல்லை. அதனால்தான் எல்லாரும் என்னிடம் கேட்டுக்கொண்டு செய்கிறீர்கள்."

அடுத்தது பொன்னாடை. ஒருவருக்கு மட்டும் போர்த்தினால் அவர் தலைவர் ஆகிவிடுவார் என்பதால், மரியாதையையும் பரவலாக்கியிருந்தார்கள். இருப்பது ஒரே பொன்னாடை. லாசரஸ் அதை முதல் வரிசைக்காரருக்குப் போர்த்தினார். அவர் நன்றி கூறி, மன்றத்தின் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு, கழற்றி இரண்டாமவருக்குப் போர்த்தினார். இரண்டாமவர் மூன்றாமவருக்கு. நூர்தீன் எண்ணிப் பார்த்தார். எட்டு பேர் முடிந்திருந்தது, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தெட்டு. லாத்தா அரை ரொட்டி சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருக்கும்.

அவர் எழுந்து நின்று கத்தினார்.

"மன்னிக்கணும்! இங்க மழைக்குருவி யாரு? உங்ககிட்ட பிஸ்கட் கொடுத்தவங்க எங்க லாத்தா. அவங்களுக்குப் பேச்சு வராது. இன்சுலின் போட்டிருக்காங்க, கையில வேற சாப்பாடு இல்ல. எந்த பஸ் ஸ்டாப்னு மட்டும் சொல்லுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

பொன்னாடை ஒன்பதாமவரின் தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் சங்கடத்தோடு ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும், என்ன செய்வது என்று தெரியாமல், வரவேற்புக்கு வைத்திருந்த கல்கண்டுக் கிண்ணத்தை அவர் பக்கமாக நகர்த்தினார்.

லாசரஸ் கோபப்படவில்லை. அவர் ஒருபோதும் கோபப்படுவதில்லை என்று மன்றத்தின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

"ஐயா, உங்கள் துயரம் எங்கள் துயரம். ஆனால் மூன்று சிக்கல்கள். புனைபெயருக்குப் பின்னால் யார் என்று இந்த அவையில் கேட்பதும் சொல்வதும் அடையாளக் காப்பு விதிக்கு எதிரானது. இடத்தின் பெயரைச் சொல்வது இடக் காப்பு விதிக்கு எதிரானது. அவசர விஷயங்களை அவசரத் துணைக்குழு மாதத்தின் மூன்றாம் வாரம் கூடிக் கவனிக்கும்."

"இது முதல் வாரம் சார்!"

"அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது." அவர் குரலில் உண்மையாகவே கருணை இருந்தது. "ஒன்று செய்யலாம். உறுப்பினர் ஆகிவிடுங்கள். உறுப்பினர் எந்தப் பதிவுக்கும் பதில் எழுதலாம், தடையில்லை. இயல்புநிலைத் தேர்வு ஐந்து நிமிடம்தான். பின்னறையில் இப்போதே வைத்துவிடலாம். பாருங்கள், உங்களுக்காக நிகழ்ச்சி நிரலையே மாற்றுகிறேன்."

வேறு வழி இருந்தால் நூர்தீன் போயிருக்கமாட்டார். போகும்போது ஒன்பதாமவருக்குப் பொன்னாடை விழுந்தது, கைதட்டினார்கள்.

பின்னறை ஒரு சின்னச் சமையலறை. அங்கே ஏற்கெனவே ஜெனிவீவ் என்ற பெண் விடைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், நர்சரிப் பள்ளி ஆசிரியை, மன்றத்தின் இரண்டாவது தேர்வாளர். கதவு மூடியிருந்ததாலும், தலைக்கு மேலே காற்றாடி கடகடத்ததாலும், கூடத்தில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. லாசரஸ் வரவேற்புக் குழு பேட்ஜை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுத் தேர்வுக் குழு பேட்ஜை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, மேசை மணியோடு அமர்ந்தார்.

"விதி எளிது. ஐந்து நிமிடம் இயல்பாகப் பேச வேண்டும். கடிகாரம் பார்த்தால் ஒரு மதிப்பெண் குறையும். கேள்வியில் நோக்கம் இருந்தால் இரண்டு. பேச்சால் யாருக்காவது பயன் ஏற்பட்டால் மூன்று. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆள் அரட்டை என்று வந்து எல்லாருக்கும் இன்சூரன்ஸ் விற்றுவிட்டான். அதிலிருந்து இந்த ஒழுங்கு."

"அந்த ஆள் இப்ப எங்க சார்?" என்றாள் ஜெனிவீவ். அவள் தேர்வுக் குழுவுக்குப் புதிது.

"அது நான்தான்" என்றார் லாசரஸ். "தவறு செய்தவனுக்குத்தான் விதியின் அருமை தெரியும். ஆரம்பிங்க."

நூர்தீன் தொண்டையைச் செருமினார். அவருடைய வாழ்க்கையில் அரட்டையடிக்கத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. சரக்குக் கொட்டகையில் அவர் பேச ஆரம்பித்தால் ஆட்கள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றார்.

"அருமை. மேல."

"இந்த வெயில்ல நின்னா யாருக்கும் மயக்கம் வந்துடும்..."

மணி அடித்தது. "கவலை தெரியுது. கவலை என்பதும் ஒரு நோக்கம்தான். வேற தலைப்பு?"

"சாப்பாடு. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி" என்றாள் ஜெனிவீவ், அன்பாக.

"நல்லது. சாப்பிடணும். நேரத்துக்குச் சாப்பிடாம இருந்தா கை முதல்ல நடுங்கும், அப்புறம்..."

மணி. நூர்தீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பந்தாட்டம் பேசினார், யார் ஆடினார்கள் என்று ஞாபகம் வரவில்லை. பஸ் பற்றிப் பேசினார், 'ஜன்னலோரம்' என்ற சொல்லில் குரல் உடைந்தது. மணி, மணி. உலகத்தில் எதைத் தொட்டாலும் அது லாத்தாவில் போய் முடிந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தார், தரையில் ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு வரலை சார்" என்றார் கடைசியில். "எனக்கு நேத்து வரைக்கும் வந்தது. இன்னைக்கு வரலை."

லாசரஸ் பெருந்தன்மையோடு தலையசைத்தார். "பரவாயில்லை. பழகினால் வரும். ஜெனிவீவ், ஐயாவுக்கு ஒரு மாதிரி அரட்டை அடிச்சுக் காட்டுங்க. நோக்கமே இல்லாம, சுத்தமா."

ஜெனிவீவ் பேனாவை மூடினாள். "ம்... இன்னைக்குக் காலைல நான் செடி வாங்கப் போயிருந்தேன். எங்க சர்ச்சுல ஒரு ஃபங்ஷன், காகிதப்பூச் செடி பத்து வேணும்னாங்க. செடி பார்த்துட்டுத் திரும்பறப்ப பஸ்ஸே வரலை, அந்தப் பக்கம் ஞாயிறுன்னா அப்படித்தான். பக்கத்துல ஒரு அம்மா, பச்சைக் குடை வெச்சுக்கிட்டு. சோ ஸ்வீட். பேசவே இல்ல, சிரிச்சுக்கிட்டே..."

"பார்த்தீங்களா?" என்றார் லாசரஸ். "இதுதான் அரட்டை. இதனால யாருக்கு என்ன லாபம்? ஒண்ணுமில்ல!"

நூர்தீன் எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"எந்த பஸ் ஸ்டாப்மா?"

மணி.

"நீலக்கல் மோதிரம் போட்டிருந்தாங்களா? உனக்கு பிஸ்கட் கொடுத்தாங்களா?"

மணி, மணி. "ஐயா, இது நேரடியான கேள்வி! இரண்டும் இரண்டும் நாலு மதிப்பெண் போச்சு!"

"அது எங்க லாத்தாம்மா. அவங்களுக்குப் பேச்சு வராது. சுகர். அந்த பிஸ்கட்தான் அவங்க மருந்து."

ஜெனிவீவின் முகம் வெளிறியது. அவள் லாசரஸைப் பார்த்தாள். லாசரஸ் பேட்ஜ்களைத் துழாவி அடையாளக் காப்புக் குழு பேட்ஜைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜெனிவீவ், யோசிச்சுப் பேசுங்க. இடத்தின் பெயரைச் சொன்னா உங்க உறுப்பினர் உரிமை போகும். மூணு வருஷமா நீங்க சேர்த்த அரட்டை எல்லாம் அழிஞ்சிடும்."

"கிராஞ்சி" என்றாள் ஜெனிவீவ். "கிராஞ்சி ஸ்டேஷன்லேர்ந்து உள்ளே போற ரோடு, செடி நர்சரிக்கு எதிர் பஸ் ஸ்டாப். வாங்க அண்ணே, நான் காட்டறேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருவரும் கூடத்தின் நடுவே ஓடினார்கள். பொன்னாடை இருபத்தாறாமவரிடம் இருந்தது. நூர்தீன் போகிற போக்கில் கல்கண்டுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டார். வாசலில் இம்ரான் டோக்கன் கேட்டார். டோக்கன் எந்தப் பையில் என்று தெரியாமல் நூர்தீன் முழங்காலிட்டு பேசினுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார்.

"அங்கிள், ஒருத்தருக்கு ஒரு கல்கண்டுதான்..." என்று ஆரம்பித்த இம்ரான், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, தானே ஒரு போனை எடுத்து நீட்டினார். "இது உங்களோடதுதான். முஸ்கான்னு நாலு தடவை வந்துச்சு. நான் நடந்து வந்தேன் அங்கிள், கதவு மூடியிருந்துச்சு."

டாக்ஸியில் முதலில் போலீஸுக்குச் சொன்னார், பிறகு முஸ்கானுக்கு. லாத்தா இன்னும் வீடு திரும்பவில்லை, அத்தாவும் போன் எடுக்கவில்லை என்றுதான் அவள் நாலு தடவை அழைத்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் தூரத்திலிருந்து வருகிறது என்று போலீஸில் சொன்னார்கள். மணி ஒன்று பத்து. எக்ஸ்பிரஸ்வேயில் வண்டி பறந்தது, ஆனாலும் அவருக்கு ஒவ்வொரு மரமும் நின்று நின்று போவதாகத் தோன்றியது.

ஜெனிவீவ் அழுதுகொண்டிருந்தாள். "நான் சாப்பிட்டுட்டேன் அண்ணே. அந்த பிஸ்கட்டை. ஸ்டேஷன் வாசல்ல நின்னு முழு பாக்கெட்டையும் சாப்பிட்டேன். யாரையோ எதிர்பார்த்து உக்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சேன். பஸ் வந்ததும் கையாட்டிட்டு ஏறிட்டேன். அதை எழுதி, எத்தனை ஹார்ட் வருதுன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்."

நூர்தீனுக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் தன்மேல் திரும்பியது. ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் லாத்தா காத்திருந்திருப்பார். தாமதமாகும் என்று ஒரு வார்த்தை போனில் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பேசமுடியாதவரிடம் போனில் என்ன பேசுவது என்று இருந்துவிட்டார். கிண்ணத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கிராஞ்சி பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை.

வெயில் தகித்தது. பெஞ்சு காலி. நூர்தீன் ரோட்டின் நடுவே நின்று "லாத்தா! லாத்தா!" என்று கத்தினார். பதில் சொல்ல முடியாதவரை இப்படிக் கூப்பிடுகிறோமே என்று கத்தும்போதே அழுகை வந்தது. வடிகால் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். ஜெனிவீவ்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் காட்டினாள்.

நர்சரி வாசல் மரத்தடியில் பச்சைக் குடை விரிந்திருந்தது. கவிழ்த்துப்போட்ட செடிக்கூடைமேல் ஆயிஷா உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. சுற்றிலும் மூன்று பங்களாதேஷ் தொழிலாளர்கள், பக்கத்து டார்மிட்டரி விடுதியில் இருப்பவர்கள், விடுமுறைச் சட்டையில். ஒருவர் குடையைப் பிடித்திருந்தார். ஒருவர் அட்டையால் விசிறினார். மூன்றாமவர் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை ஸ்ட்ராவோடு அவர் வாயருகே வைத்திருந்தார்.

அதே நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இறங்கிய பெண் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். இந்த இனிப்புத் தேநீர் உள்ளே போகாமல் இருந்திருந்தால் நாம் இப்போது வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம் என்றும் சொல்லிவிட்டு, ஸ்ட்ரெச்சரை எடுக்கப் போனார்.

நூர்தீன் லாத்தாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். லாத்தா அவர் தலையில் கை வைத்தார். கை குளிர்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

தேநீர்ப் பையோடு இருந்த இளைஞருக்கு, தமிழ் ஆட்களோடு வேலை பார்த்ததில் கொஞ்சம் தமிழ் வந்தது. "அக்கா பேச்சு இல்ல. கை ரொம்ப ஆடுச்சு. எங்க அம்மா இப்படித்தான், சுகர். நான் டீ வாங்கிட்டேன். ரெண்டு. சீனி நெறைய."

"எவ்வளவு நேரமா இருக்கீங்க தம்பி?"

"பஸ் நாலு போச்சு. நாங்க அக்காகூடப் பேசிட்டு இருந்தோம்."

"என்ன பேசினீங்க?"

அந்த இளைஞர் யோசித்தார். லாத்தாவைப் பார்த்தார். லாத்தா சிரித்தார்.

"சும்மா" என்றார் அவர்.

அப்போதுதான் நூர்தீனின் போன் அடித்தது. தெரியாத எண். ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று நினைத்து எடுத்தார். தெருவில் லாரி போகும் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் ஐயா. லாசரஸ். உங்கள் விண்ணப்பத்தில் இந்த எண் இருந்தது. அவசரத் துணைக்குழுவின் சார்பில் பேசுகிறேன். உங்களுக்காக மூன்றாம் வாரக் கூட்டத்தை முதல் வாரத்துக்கே கொண்டுவந்துவிட்டோம். மன்ற வரலாற்றில் இதுவே முதல் முறை. ஒரு மகிழ்ச்சியான செய்தி. உங்கள் சகோதரி இருக்கும் இடம் எங்கள் மன்றத்துக்குத் தெரியவந்திருக்கிறது."

நூர்தீன் லாத்தாவின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதை உங்களிடம் சொல்லலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினோம். சொல்லலாம் என்று பதினாலு, வேண்டாம் என்று ஒன்பது, நடுநிலை ஆறு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், இருபது. ஆகவே சொல்ல இயலாத நிலையில் இருக்கிறோம்."

"ஜெனிவீவ் சொல்லிட்டாங்களே சார்."

"அதற்கும் தீர்மானம் போட்டிருக்கிறோம். அவர் சொன்னது திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் அதைக் கேட்காத மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, அந்த இடத்துக்குப் போகக் கூடாது. அடுத்த ஞாயிறு மறுவாக்கெடுப்பு. நம்பிக்கையோடு இருங்கள்."

ஜெனிவீவ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நூர்தீனுக்கு அந்தக் கூடம் மனதில் வந்தது. முப்பது முகங்கள். கல்கண்டுக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திய அந்த மனிதர் பதினாலில் இருந்தாரா, ஒன்பதில் இருந்தாரா? ஒன்பது பேர். குழந்தை குட்டி உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள். சாயந்திரம் வீட்டுக்குப் போய் டீ குடிப்பார்கள்.

"சார்" என்றார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் எங்க லாத்தா என்ன சாப்பிடுவாங்க?"

மறுமுனையில் காகிதம் புரண்டது.

"அது விவாதத்துக்கு வரவில்லை" என்றார் லாசரஸ். "குறித்துக்கொள்கிறேன்."

நூர்தீன் போனை அணைத்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. லாத்தாவைத் தூக்கி வைக்க மூன்று தொழிலாளர்களும் கைகொடுத்தார்கள். குடையை மடக்கி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தமிழ் தெரிந்த அந்த இளைஞர் கேட்டார்.

"போன்ல யாரு அண்ணே? சொந்தக்காரங்களா?"

"இல்ல தம்பி" என்றார் நூர்தீன். "நாம இருக்கற இடம் தெரிஞ்சவங்க. சொல்லமாட்டாங்களாம்."